ஏழு சதவீதப் பேச்சு

'சபையைக் கவரும்படி பேசுவது எப்படி' என்று ஒரு பயிற்சி வகுப்பு. பயிற்சியாளர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, திரையில் இருந்ததை வரி பிசகாமல் வாசித்தார்: "கேட்பவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்."

அடுத்த ஸ்லைடில் ஒரு வட்டப்படம். பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. அந்தக் கணக்குப்படி அவர் ஜப்பானிய மொழியில் பேசியிருந்தாலும் எங்களுக்கு 93 சதவீதம் விளங்கியிருக்க வேண்டும். தமிழில் பேசியே விளங்கவில்லை.

இந்தக் கணக்கின் மூலவர் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன். 1967இல் அவர் ஆராய்ந்தது, விருப்பு வெறுப்பைக் காட்டுகையில் வார்த்தையும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எதை நம்புவோம் என்பதை. பல்லைக் கடித்துக்கொண்டு "நல்லா இருங்க" என்போமே, அந்த ரகம். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லிவிட்டார். வெறும் வார்த்தையில் சொன்னார் போலும். யார் காதிலும் விழவில்லை.

திடீரென்று கரண்ட் போனது. பயிற்சியாளர் முதன்முறையாக எங்கள் பக்கம் திரும்பினார். கையைப் பிசைந்தார்; திருதிருவென விழித்தார்.

அந்த 55 சதவீதம் அப்போதுதான் துல்லியமாக விளங்கியது.