வங்கக் கடலுக்கு ஒரு பத்ம விருது

பத்ம விருதுக்கு ஒரு பெயரைப் பரிந்துரைக்கிறேன். பெயர்: வங்காள விரிகுடா. துறை: பொதுச் சுகாதாரம். சாதனை: அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குள் ரேபிஸ் நோயை நுழையவிடாமல் காத்தது. இந்தியாவில் இந்த நோய் இல்லாத இடங்கள் என்று அரசு ஏடுகள் சொல்பவை இரண்டே இரண்டு: அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு. இரண்டு இடத்திலும் நிர்வாகம் பிரமாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டையும் சுற்றி உப்புத்தண்ணீர் இருக்கிறது. அவ்வளவுதான்.

அங்கே நாய் இல்லையா என்று கேட்காதீர்கள். 1858இல் வெள்ளைக்காரன் கைதிகளோடு வந்து இறங்கும்வரை அந்தமான் பழங்குடிகள் நாயைக் கண்டதில்லை. இப்போது கடைத்தெருவிலும் நாய், கடற்கரையில் ஆமை முட்டையைத் தோண்டித் தின்பதும் நாய். கடிக்கவும் கடிக்கிறது. பல்லில் கிருமி மட்டும்தான் இல்லை.

உப்புத்தண்ணீர் காவல் இல்லாத நம் பக்கத்து நிலவரம் என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மை ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்கு 5,726 பேர் ரேபிஸால் சாகிறார்கள் என்று மதிப்பிடுகிறது. 2003இல் போட்ட கணக்கு இருபதாயிரத்துக்கும் மேல். குறைந்துவிட்டதாம், கைதட்டுங்கள்! கடித்ததும் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, உரிய நாட்களில் தடுப்பூசியும், ஆழமான கடிக்கு இம்யூனோகுளோபுலினும் போட்டால் கிட்டத்தட்ட எவரையும் காப்பாற்றிவிடக்கூடிய நோய் இது. அறிகுறி வந்த பிறகோ கிட்டத்தட்ட எவரும் பிழைப்பதில்லை. தெரிந்தே விட்ட உயிர்கள் 5,726.

யார் உயிர் என்பதையும் சொல்லிவிடலாம். ஆட்டு மூளையில் தயாரித்து, தொப்புளைச் சுற்றிப் போடும் பழைய ஊசி சிலருக்குப் பக்கவாதத்தையே கொண்டுவந்தது. அதை நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 1983இலேயே பரிந்துரைத்தது. நம் அரசு நிறுத்த 2004 கடைசி ஆயிற்று. அந்த இருபது ஆண்டும் காசுள்ளவன் கையில் நல்ல ஊசி போட்டுக்கொண்டான். தர்மாஸ்பத்திரி வரிசையில் நின்றவன் வயிற்றில் ஆட்டு மூளை ஏறியது. 2008இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் தடுப்பூசி உற்பத்தியை மத்திய அரசே நிறுத்தி, இரண்டு ஆண்டு கழித்து உரிமத்தைத் திருப்பித் தந்தது. ஓட்டை விழுந்த கூரையைச் செப்பனிடாமல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் வீட்டுக்காரரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

கடல் காக்கும் என்று படுத்துத் தூங்குகிறவர்கள் பாலியைக் கேட்கட்டும். 2008வரை அந்தத் தீவிலும் ரேபிஸ் இல்லை. படகில் வந்த ஒரு நாய்தான் கொண்டுவந்தது என்று கருதுகிறார்கள். நோய் உள்ளே ஊறும்போது நாய் வாலாட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கும். ஓரிரு மாதம் போனபின்தான் தெரியும். பாலியில் முதலில் நாய்களைக் கொன்று பார்த்தார்கள், அடங்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்த பிறகுதான் தீவு முழுக்க நாய்களுக்கு ஊசி போடக் கிளம்பினார்கள்.

அந்தமான் நிக்கோபாரைக் காக்கும் கடலைத்தான் நாம் இப்போது சுருக்கப் போகிறோம். கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம். செலவு 72,000 கோடிக்கு மேல். சுமார் எட்டாயிரம் பேர் இருக்கும் தீவில் மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றுவார்களாம். அத்தனை பேரும் வளர்த்த நாயைத் தூத்துக்குடியிலும் கொல்கத்தாவிலும் விட்டுவிட்டா வருவார்கள்? கலாத்தியா விரிகுடாத் துறைமுகத்தில் இறங்கும் நாயின் தடுப்பூசிச் சான்றை வாங்கிப் பார்க்கப் போகிறவர் யார்? பத்துக்கு ஏழு நாய்க்கு ஊசி போட்டால் நோய் பரவாது என்பது பழைய பாடம். நோய் வருமுன் போட்டால் செலவு கொஞ்சம். வந்தபின் போட்டால் செலவோடு சாவும் சேரும்.

இதெல்லாம் மேலிடத்துக்குத் தெரியாமல் இல்லை. 2030க்குள் நாய் வழி ரேபிஸை ஒழிப்போம் என்று 2021இல் திட்டமே வெளியிட்டார்கள். தீவுகளில் அவர்கள் கைவண்ணத்தையும் பார்த்தோம்: ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ரேபிஸ் வந்தால் அதற்கும் ஒரு நல்ல சம்ஸ்கிருதப் பெயர் தயாராகிவிடும். ஊசியைப் பற்றியும் கவலை வேண்டாம். நிக்கோபாரில் வெட்டும் காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடத் திட்டமிட்டவர்கள் இவர்கள். கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் பேயில் ஒரு குழந்தையை நாய் கடித்தால், ஈடாக ஹரியானாவில் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக் கணக்கைச் சரிசெய்துவிடுவார்கள்.