ஒன்பதே கால் அண்ணன்

ஒடுகத்தூர் டீக்கடையில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஒருவர் காலை ஒன்பதே காலுக்குத் திடீரென்று ஊமையானால் பதறாதீர்கள். பங்குச்சந்தை திறந்துவிட்டது, அவ்வளவுதான். இனி மூன்றரை மணி வரைக்கும் அண்ணி போன் செய்தாலும் கட் ஆகும். "இன்னாண்ணா, எப்டி கீது?" என்று கேட்டால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நிஃப்டி ஒரு மாதிரியா கீதுப்பா" என்பார். ஊருக்கு ஊர் இப்படி ஓர் அண்ணன் இருக்கிறார். ஊரறிய உரக்கடைக்காரர், உள்ளுக்குள் ஆப்ஷன் டிரேடர்.

அண்ணன் பிறவியிலேயே அவசரக்காரர் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் அவரைப் பாருங்கள். வெள்ளாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார். முதுகை அழுத்திக் கறி எத்தனை கிலோ தேறும் என்று கணிப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. மனதில் போட்ட விலைக்கு மேல் ஐந்நூறு ஏறினால், "வேணாம்பா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அதே வெள்ளிக்கிழமை, ஒன்பதே கால். டெலிகிராம் குரூப்பில் முகம் தெரியாத எவனோ 'ராக்கெட் ரெடி' என்று போடுகிறான். மூன்றே வினாடி. விலை ஏறும் என்று பந்தயம் கட்டும் கால் ஆப்ஷனை அண்ணன் வாங்கியாகிவிட்டது. பல்லும் பார்க்கவில்லை, முதுகும் பார்க்கவில்லை.

முந்நூறு ரூபாய் லாபம் காட்டினால் கை நடுங்கும். உடனே விற்றுவிட்டு எல்லோருக்கும் போண்டா சொல்வார். மூவாயிரம் நஷ்டம் காட்டினாலோ சித்தர் பொறுமை வந்துவிடும். இதற்குக் கீழே போனால் விற்றுவிடுவது என்று போட்டுவைத்த ஸ்டாப் லாஸ் நெருங்க நெருங்க அதைக் கீழே தள்ளிக்கொண்டே போவார். "ஆவரேஜ் பண்றேம்பா" என்று இன்னொரு லாட் வாங்குவார். லாபத்தை அவசரமாக விற்று நஷ்டத்தைக் கட்டிக்கொண்டு அழும் இந்தக் குணத்தை ஷெஃப்ரின், ஸ்டாட்மேன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1985-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஆப்ஷனுக்கு ஆயுசும் கம்மி. நாளாக ஆக விலை கரையும். செவ்வாய்க்கிழமை வந்தால் நிஃப்டியின் வாராந்தரக் கணக்கே முடிந்துவிடும். பொறுத்தவர் எல்லோரும் பூமி ஆள முடியாது.

2024 ஜூன் 3-ஆம் தேதி, மக்களவைத் தேர்தலுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பை நம்பி நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பகலெல்லாம் வேடிக்கை பார்த்த அண்ணன், சந்தை மூடும் நேரத்தில் மனசு கேட்காமல் உள்ளே குதித்தார். மறுநாள் தேர்தல் முடிவு. நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று மதியம் உரக்கடைக் கல்லாவையும் உள்ளே விட்டார்.

லாபம் வந்தால் அது அவருடைய மூளை. நஷ்டம் வந்தால் ஆபரேட்டர் சதி, டிரம்ப், ஆப் ஹேங், அண்ணியின் போன். மலைப்பாதையில் சிக்னல் போய், ஆர்டர் போட முடியாமல் தவிக்கிற நாளில்தான் கணக்கில் பணம் பத்திரமாக இருக்கும். அதையும் நஷ்டம் என்றே எழுதிக்கொள்வார்.

2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்டு ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வியாபாரம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி கணக்குச் சொன்னது. இதைக் காட்டியபோது அண்ணன் சிரித்தார். "மீதி ஏழு பேரு கீறாங்க இல்ல?"

அண்ணே, ஒரு வார்த்தை. ஆட்டுக்கு விலையை மனதில் போட்டுக்கொண்டுதானே சந்தைக்குள் நுழைகிறீர்கள்? அதேபோல, எவ்வளவு போனால் எழுந்து வருவது என்று ஒன்பதே காலுக்கு முன்பே காகிதத்தில் எழுதி அண்ணி கையில் கொடுத்துவிடுங்கள். அது முடியாது என்றால் பேசாமல் ஆட்டையே வாங்குங்கள். ஆடு குட்டி போடும். காலாவதியான ஆப்ஷன் குட்டி போட்டதாக இதுவரை தகவல் இல்லை.