பொன் கிடைக்குமா?

கேள்வி: நம் மலாயாத் தீபகற்பத்தைக் கிரேக்கர்கள் 'பொன் தீபகற்பம்' என்றார்களாமே? வீட்டுக்குப் பின்னால் தோண்டிப் பார்க்கலாமா? (ஒரு வாசகர், உலு திராம்)

பதில்: தாராளமாக! செம்மண் கிடைக்கும், வாழை வைக்கலாம். 'கிரீசே கெர்சோனெசோஸ்' என்று 2ஆம் நூற்றாண்டில் எழுதிய தாலமி அலெக்சாந்திரியாவில் இருந்தவர்; மாலுமிகள், வணிகர்கள் சொன்னதை வைத்து எழுதியவர். கெர்சோஸ் என்றால் வறண்ட நிலம், நேசோஸ் என்றால் தீவு. நவம்பர் மழையில் உலு திராம் சாலையில் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்திருந்தால் 'வறண்ட' என்று எழுதியிருப்பாரா? லத்தீன்காரர்கள் கெட்டிக்காரர்கள். 'ஆரேயா கெர்சோனெசுஸ்' என்று பொன்னை மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டு, மிச்சத்தைக் கிரேக்கத்திலேயே விட்டுவிட்டார்கள். உங்கள் ஊர்ப் பெயரில் இருப்பதோ சிப்பி. மலாயில் 'திராம்' அதுதான். பொன்தான் வேண்டுமென்றால் பகாங்கிலுள்ள ரவூப்புக்குப் பஸ் ஏறுங்கள். ஆனால் அங்கே சுரங்கக் கம்பெனி 1889இலேயே முந்திக்கொண்டது.