கழித்தால் நூறு

தனியார் பள்ளி நடத்தும் தாளாளர் பெருமக்களுக்கு ஒரு யோசனை. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டுமென்றால் நல்ல ஆசிரியர்களைத் தேடி அலையாதீர்கள். அவர்கள் சம்பளம் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நாலைந்து பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். கேள்விக்கு வாயால் சரியாகப் பதில் சொல்லிவிட்டுத் தாளில் தப்பாக எழுதுகிறவன். ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறவள். 'கொ' என்று காதில் விழுவது ஓர் எழுத்து, ஆனால் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க என்று மூன்று துண்டாக எழுதச் சொன்னால் துண்டுகளை இடம் மாற்றிப் போடுகிறவன். இவர்களின் பெற்றோரை வரச்சொல்லி நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

"பையன் தங்கமான பையன் சார். ஆனா நம்ம ஸ்கூல் வேகத்துக்கு அவனால வர முடியல. வேற எடத்துல சேத்தா அவனுக்கே நல்லது."

டி.சி. மேசைமேல் தயாராக இருக்கட்டும். நன்னடத்தை என்ற இடத்தில் 'மிக நன்று' என்று தாராளமாக எழுதுங்கள். மை செலவு மட்டும்தான். அடுத்த மே மாதம் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து பட்டாபிராம் வரை சி.டி.எச். சாலையில் நீங்கள் எத்தனை பிளெக்ஸ் வேண்டுமானாலும் கட்டலாம்.

ஏன் ஒன்பதாம் வகுப்பு என்று கேட்கிறீர்களா? சட்டம் படித்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது. அதற்குமேல் அது வாயைத் திறப்பதில்லை. மீசை அரும்பும் வயதில், குரல் உடையும் வயதில், மற்ற பிள்ளைகள் சிரித்தால் செத்துப்போகலாம் என்று தோன்றும் வயதில் அந்தச் சட்டம் கையை உதறிக்கொண்டு போய்விடுகிறது.

அடுத்த சட்டம் வருகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் பட்டியலில் உள்ள 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. படிப்பதில் தடுமாறும் டிஸ்லெக்சியா, எழுதுவதில் தடுமாறும் டிஸ்கிராபியா, கணக்கில் தடுமாறும் டிஸ்கால்குலியா எல்லாம் அதற்குள் அடக்கம். அரசு அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பள்ளியும் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும், அதற்கேற்பச் சொல்லித்தர வேண்டும் என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. சீக்கிரம் கண்டறிவதில் நம் பள்ளிகளை யாரும் குறை சொல்ல முடியாது. பொதுத்தேர்வுக்குச் சரியாக ஒரு வருடம் முன்பே கண்டறிந்துவிடுகிறார்கள்.

இந்தச் சட்டத்தின் சலுகை கிடைக்கச் சான்றிதழ் வேண்டும். 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் 8 வயதில் ஒரு சான்றிதழ், 14 வயதில் மறுபடியும், 18 வயதில் இன்னொரு தடவை என்றது. கடைசியாகக் கொடுத்ததுதான் ஆயுளுக்கும் செல்லுபடியானது. நடுவில் பிள்ளைக்குச் சரியாகிப்போய், அதை மறைத்துக் கூடுதல் நேரம் சம்பாதித்துவிடுவானோ என்று அரசுக்குப் பயம். சரி, 14 வயதுப் பிள்ளையை எதை வைத்து அளப்பது? பெங்களூரு நிம்ஹான்ஸ் தயாரித்த சோதனைத் தொகுப்பை வைத்து. அதில் இரண்டு நிலைகள்: 5 முதல் 7 வயது, 8 முதல் 12 வயது. பதினான்கில் சோதிக்கச் சொன்னது அரசு. பன்னிரண்டில் நின்றுவிடுகிறது அளவுகோல். இந்த இரண்டு எண்களையும் ஒரே கோப்பில் வைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள்.

சான்றிதழ் கிடைத்துவிட்டால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, சொல்வதை எழுதுபவர் உண்டு, ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கும் உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகப் போக வேண்டும். போகுமா? "இதெல்லாம் வெளிய தெரிஞ்சா ஸ்கூல் பேரு என்னாகும்மா? டியூஷன் வைங்க." அம்மாவும் டியூஷன் வைக்கிறாள். படிக்கவே முடியாமல் திணறும் அதே பாடத்தைச் சாயங்காலம் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர் டியூஷன். வசதி இருப்பவர்கள் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் சிறப்புப் பயிற்சி மையத்துக்குப் போகிறார்கள். வசதி இல்லாதவர்கள் பெல்ட்டைக் கழற்றுகிறார்கள்.

இத்தனைக்கும் இது புது விஷயமும் இல்லை. சென்னையில் டிஸ்லெக்சியா சங்கம் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. 2007-இல் டிஸ்லெக்சியா உள்ள பையனின் கதையான 'தாரே ஜமீன் பர்' படத்தைப் பார்த்து ஊரே மூக்கைச் சிந்தியது. பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி சுதந்திரத்துக்கு முன்பிருந்தே நடக்கிறது. கண் தெரியாது என்றால் நம்புகிறோம். கண் தெரிகிறது, எழுத்துதான் நிற்கமாட்டேன் என்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் சோம்பேறி, திமிர், செல்போன் என்று மூன்று நோய்களைக் கண்டுபிடித்து, ஒரே மருந்தாக அடி கொடுக்கிறோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் ஓர் உருப்படி அளவு பிசகினால் உடனே குப்பையில் போடமாட்டார்கள். மெஷினைப் பார்ப்பார்கள், டூலைப் பார்ப்பார்கள், செட்டிங் போட்டவனைக் கேட்பார்கள். அந்தப் பட்டறையில் ஷிப்ட் முடித்து வரும் அப்பனிடம்தான் பள்ளி சொல்கிறது, பழுது முழுக்க உன் உருப்படியில் என்று.

டி.சி. வாங்கியவன் எங்கே போகிறான்? பக்கத்து அரசுப் பள்ளிக்கு. அங்கே நாற்காலி போட்டு யாரும் உபதேசம் செய்வதில்லை, சேர்த்துக்கொள்கிறார்கள். மறுவருடம் தேர்ச்சி விகிதம் ஏன் குறைந்தது என்று ஆய்வுக் கூட்டத்தில் அந்தத் தலைமையாசிரியரை நிற்கவைத்துக் கேட்கிறார்கள். கழித்தவனுக்குக் கேடயம், கூட்டிக்கொண்டவருக்கு விளக்கம் கேட்பு. அதையே புள்ளிவிவரமாக்கி, அரசுப் பள்ளி சரியில்லை என்று நாமும் டீக்கடையில் தீர்ப்பு எழுதுகிறோம்.

அங்கேயாவது கைப்பிடித்துச் சொல்லித்தர ஆள் உண்டா? இப்படிப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்பச் சிறப்பாசிரியர் இருக்க வேண்டுமென 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் அவர்கள் தொகுப்பூதியத்தில், வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறார்கள். அந்த ஊதியம் வர வேண்டிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை, மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று தில்லி நிறுத்திவைத்தது. தில்லி கொள்கை பேசியது, கோட்டை தன்மானம் பேசியது. பேச வராத எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளையை இரண்டு பேரும் மேடையில் மேற்கோளாகப் பயன்படுத்தினார்கள்.

அங்கதம் போதும். இனி நேராகவே கேட்கிறேன்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் இருக்கிறது. எந்தப் பள்ளியிலிருந்து, எந்த வகுப்பில், எந்தத் தேதியில் ஒரு பிள்ளை வெளியேறினான் என்பது பள்ளிக் கல்வித் துறையின் கணினியில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எத்தனை பேர், அவர்களில் அதே பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று பள்ளிவாரியாகத் தேர்வு முடிவுகளோடு சேர்த்து வெளியிடுங்கள். புதுத் திட்டம் வேண்டாம், புது நிதி வேண்டாம், குழுவும் வேண்டாம். நூறு சதவீதங்களில் எத்தனை தேறும் என்று அன்றே தெரிந்துவிடும்.

பள்ளி செல்லும் பிள்ளைகளை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கணக்கெடுத்துக் குறைபாடுகளைக் கண்டறிய வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. முதல் கணக்கெடுப்புக்கான கெடு 2019 ஏப்ரலோடு முடிந்தது. இந்தச் சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 89-ஆம் பிரிவு. பல பள்ளிகள் புத்தகம், சீருடை, ஷூ என்று ஒரே பிள்ளையிடம் வாங்கும் தொகை அது. அந்த அற்ப அபராதத்தைக்கூட, கற்றல் குறைபாடுள்ள ஒரு பிள்ளையை வெளியே அனுப்பியதற்காக, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஒரே ஒரு பள்ளியாவது கட்டியிருக்கிறதா? கட்டியிருந்தால் ரசீதைக் காட்டுங்கள். கட்டவில்லை என்றால் குற்றவாளி தாளாளர் மட்டுமல்ல. அவர் நீட்டிய அங்கீகாரப் புதுப்பிப்புக் கோப்பில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு அதிகாரியும்தான்.