வீட்டிலேயே கார் பழுதுபார்த்தல்

மாருதி 800, 1983 முதல் 2014 வரை தயாரான 796 சிசி கார். மூன்றே சிலிண்டர், மூன்றே பிளக். மூன்றாம் கைக்கு வந்த வண்டிக்கு மெக்கானிக் வீண்செலவு.

வண்ணார்பேட்டை முறையில் படிகள் இரண்டு. முதலாவது கழற்றுதல்; இது யாருக்கும் வரும். இரண்டாவது மாட்டுதல், இதில் நாலைந்து போல்ட் மிஞ்சும். அவற்றைக் காலி அல்வா டப்பாவில் சேமிக்க வேண்டும். சேமிப்பு வளர வளர வண்டியின் எடை குறையும். எடை குறைந்தால் மைலேஜ் கூடும். டப்பா நிறையும் ஞாயிறன்று பெட்ரோல் செலவு அறவே நின்றுவிடும்.

தாமிரபரணியின் மேல் 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலம் இன்றும் நிற்கிறது. வாசலில் காரும் அதே உறுதியுடன் நிற்கும். பாலத்தைக் கடக்க டவுன் பஸ் உண்டு. டப்பாவைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் டிக்கெட்டுக்குக் காசும் உண்டு.