இல்லை என்று சொல்லாத வள்ளல்

நம்முடைய கடையெழு வள்ளல்களைப் பற்றி எனக்குக் கொஞ்ச நாளாகவே மனக்குறை உண்டு. அவர்களுக்கு நிர்வாகம் தெரியவில்லை. பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். அந்தக் கொடி விண்ணப்பம் போடவில்லை, வேலை தருபவரிடம் சான்று வாங்கி வரவில்லை, அது எந்த நாட்டு மண்ணில் முளைத்தது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பேகன் மயிலுக்குப் போர்த்திவிட்டதும் அதே அவசரத்தில்தான். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டால் கொடையின் அருமை எப்படித் தெரியும்? கேட்டவனைக் காக்க வைப்பதில்தான் ஈகையின் நுட்பம் இருக்கிறது. அதை முழுமையாகக் கற்றுத் தேர்ந்த ஒரே வள்ளலாக இன்று நான் காண்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளைத்தான்.

இந்தியாவில் பிறந்து, ஹெச்-1பி விசாவில் அங்கே வேலை பார்த்து, நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்குப் பச்சை அட்டை கேட்டு நிற்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். தகுதியுள்ளவர் எவரையும் அந்த நாடு முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதில்லை. இவர் தகுதியானவர்தான் என்று ஐ-140 மனுவின் மேல் முத்திரை குத்திக் கடிதமே கொடுத்துவிடும். அன்றைக்கு வீட்டில் கேசரி கிளறுவார்கள், ஊருக்குப் போன் போகும். அட்டை மட்டும் பிற்பாடு வரும்.

எவ்வளவு பிற்பாடு என்பதற்குப் போகுமுன் அந்த நாட்டின் சமத்துவ உணர்வைப் போற்றியாக வேண்டும். வேலையின் பேரில் தரும் பச்சை அட்டைகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. 1990-இல் போட்ட சட்டத்தின் கணக்கு இது. கூகுள், அமேசான் என்ற பெயர்களே பிறக்காத காலம். உலகம் மாறியதே என்று கணக்கை மாற்றாத உறுதியை முதலில் மெச்ச வேண்டும். இதில் எந்த நாட்டில் பிறந்தவருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்தின் மக்கள் தொகை நான்கு லட்சத்தை ஒட்டியது; இந்தியாவில் 140 கோடிக்கு மேல். இரண்டு நாட்டுக்கும் ஒரே வரம்பு. பெரியவன் சிறியவன் பாராத இந்த நடுநிலையை எந்தத் தராசு தரும்? ஐஸ்லாந்துக்காரர்கள் அந்த இடங்களை நிரப்ப வருவதே இல்லையே என்று கேட்பது அற்பத்தனம். இலை போட்டு வைத்திருக்கிறது; வந்து உட்காராதது அவர்கள் குற்றம்.

ஏழு விழுக்காடு என்றால் 9,800. மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று தலைக்கு ஒன்றாக அதிலேயே கழியும். மேற்படிப்புப் படித்தவர்களுக்கான இரண்டாம் பிரிவில் இந்தியருக்கு உறுதியாக விழுவது 2,800 சொச்சம். மற்ற நாட்டார் மிச்சம் வைத்தால் இன்னும் கொஞ்சம் சேரும்.

இன்னொரு நேர்த்தி: இந்த வரிசை ஒருவருடைய பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, பிரசவ வார்டைப் பார்க்கிறது. தூத்துக்குடியில் பிறந்தவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் டல்லாஸில் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே தமிழில் மேனேஜரைத் திட்டிக்கொண்டு, ஒரே வேலையைச் செய்யலாம். யாழ்ப்பாணத்தார் இலங்கைக் கணக்கில் சில ஆண்டுகளில் அட்டை வாங்கிவிடுவார். தூத்துக்குடிக்காரர் அவருக்கு விருந்து வைத்துவிட்டு மறுபடி வந்து வரிசையில் நிற்பார். மூன்று வயதில் கனடா போய் அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டவரும், பிறந்தது மாயவரம் என்றால் மாயவரம்தான். இப்படி ஒரு மனிதனின் வேரை மறக்கவிடாத நாட்டைப் பண்பாட்டுக் காவலர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவரும் அந்த நாட்டு வரிசைக்கு மாறிக்கொள்ளலாம் என்றும் சட்டத்தில் ஒரு கருணை உண்டு. இதனால் நம் திருமணப் பேச்சுக்குப் புதிய பொலிவு வந்திருக்கிறது. பிறந்த நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சோதிடம், பிறந்த இடத்தின் மகிமையை இப்போதுதான் உணர்கிறது. பெண் குவைத்தில் பிறந்தவள் என்று தெரிந்தால் செவ்வாய் தோஷத்தைக்கூடப் பெரிதுபடுத்த மாட்டார்கள்.

அட்டைக்கு வரிசையில் நிற்பதற்கே முதலில் பெர்ம் என்றொரு வேள்வி நடக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று கம்பெனி அரசுக்குக் காட்டுவது. அந்த வேலையை நீங்கள் ஏற்கெனவே மூன்று நான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கே, நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே, ஆள் தேவை என்று விளம்பரம் வரும். அதுவும் எங்கே? அச்சிட்ட நாளிதழில், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில். மென்பொருள் எழுதுகிறவர்கள் ஞாயிறு பேப்பரை விரித்து வேலை தேடுவதில்லை என்பது சட்டத்துக்குத் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? நலிந்து வரும் பத்திரிகைத் தொழிலுக்கு இந்த வழியில் நாலு காசு போய்ச் சேரட்டும் என்ற நல்லெண்ணமாகத்தான் இருக்கும். பத்திரிகையில் எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவன் இதற்குத் தலைவணங்காவிட்டால் நன்றி கொன்றவன் ஆவேன்.

பெர்ம் மனு பதிவான நாள்தான் உங்கள் பிடி. அதாவது வரிசையில் உங்கள் இடம். 'உங்க பிடி என்ன?' என்பது அங்கே இந்தியர்கள் சந்தித்தால் 'சாப்பிட்டாச்சா'வுக்கு அடுத்த கேள்வி. மாதம் ஒருமுறை வெளியுறவுத் துறை விசா புல்லட்டின் என்ற அறிக்கையை வெளியிடும். இந்த மாதம் எந்தத் தேதிக்காரர் வரை கொடுக்கப்படும் என்று அதில் இருக்கும். ராசிபலனைப் போல அதைக் கூட்டமாகப் படிப்பார்கள், விளக்கம் சொல்வார்கள், அடுத்த மாதத்தை நம்புவார்கள். தேதி முன்னால் மட்டும்தான் நகரும் என்று எண்ணிவிட வேண்டாம். 2012-இன் தொடக்கத்தில் இரண்டாம் பிரிவு இந்தியருக்கு 2010 மே வரை வந்திருந்த தேதி, அந்த ஆண்டு முடிவதற்குள் 2004 செப்டம்பருக்குப் போய் நின்றது. காலத்தையே பின்னோக்கி ஓட்டும் வல்லமை வேறு எந்த அரசாங்கத்துக்கு வாய்த்திருக்கிறது? 2025 முடியும்போது அதே பிரிவு 2013-ஐத் தாண்டவில்லை.

அமெரிக்காவின் கேட்டோ ஆய்வு நிறுவனம் 2018-இல் ஒரு கணக்குப் போட்டது. அப்போதைய வேகத்திலேயே போனால், புதிதாக இரண்டாம் பிரிவில் சேரும் இந்தியர் 151 ஆண்டு காத்திருக்க வேண்டிவரும். இதைக் கேட்டுச் சிலர் கொதித்தார்கள். எனக்கு நெஞ்சம் நெகிழ்ந்தது. ஆசி வழங்கும் நம் பெரியவர்களே நூறாண்டு வாழ்க என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு மேலும் 51 ஆண்டு வாழ்வாய், வந்து வாங்கிக்கொள்வாய் என்று நம்பிக்கை வைக்கிற மனசு யாருக்கு வரும்?

அதுவரை நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை. ஹெச்-1பி தற்காலிக விசா. மூன்றும் மூன்றும் ஆறு ஆண்டில் முடிய வேண்டியது. வரிசையில் நிற்பவர்களுக்காக 2000-ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழி செய்தது: ஐ-140 கையில் இருந்தால் மும்மூன்று ஆண்டுகளாக நீட்டித்துக்கொண்டே போகலாம். தற்காலிகமாக வீடு வாங்கி, தற்காலிகமாகத் தலை நரைத்து, தற்காலிகமாகவே ஒருவர் அங்கே ஓய்வு பெறும் வயதை எட்டலாம். கம்பெனி மாறினால் பெர்ம் வேள்வியை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டும், பிடி மட்டும் கையோடு வரும். அதனால் சம்பளத்தை உயர்த்திக் கொடு, மேனேஜர் சரியில்லை என்றெல்லாம் பேசும் கெட்ட பழக்கங்கள் தாமாகவே விட்டுப்போகும். விசுவாசம் என்ற பழைய குணத்தை முதலாளிகளுக்குச் செலவில்லாமல் மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வேலை போய்விட்டால் 60 நாள் வரை அவகாசமும் உண்டு. அதற்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டை விற்று, காரை விற்று, பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். 2022-இன் இறுதியில் பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பியபோது, பத்துப் பதினைந்து ஆண்டு வாழ்ந்த வாழ்க்கையை இரண்டு மாதத்தில் மூட்டை கட்டும் சுறுசுறுப்பைப் பலர் கற்றுக்கொண்டார்கள்.

ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்: சம்பளத்தில் 6.2 விழுக்காடு சோஷியல் செக்யூரிட்டிக்குப் பிடிப்பார்கள். பத்தாண்டு உழைப்புக் கணக்கு நிறையுமுன் ஊர் திரும்பினால் அது அந்த நாட்டு முதியோருக்கே. இந்தியாவோடு அதற்கு ஒப்பந்தம் ஏதும் இல்லை. கோவில்பட்டிப் பையன் ஒருவன் முகம் தெரியாத ஓஹாயோப் பாட்டிக்கு மாதாமாதம் மருந்துச் செலவுக்குக் கொடுக்கிறான் என்றால், அந்தப் புண்ணியத்தைச் சம்பாதித்துத் தந்த நாடு எது?

மனைவிமாருக்கு ஓய்வு. பொறியியலோ மருத்துவமோ படித்துவிட்டுப் போன பெண்கள், 2015 வரை ஹெச்-4 விசாவில் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. அதன்பின் கணவருக்கு ஐ-140 கிடைத்தவர்களில் பலருக்கு மட்டும் அந்த ஓய்வு பறிபோனது.

பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் ஏற்பாட்டைத்தான் நான் உச்சியில் வைப்பேன். மூன்று வயதில் தூக்கிக்கொண்டு போன குழந்தை. பள்ளியில் காலையில் நெஞ்சில் கைவைத்து அந்தக் கொடிக்கு விசுவாச உறுதி சொல்லும். பேஸ்பால் ஆடும். தமிழ் கேட்டால் புரியும், பேசினால் நாம் சிரிப்போம். இருபத்தொரு வயது நிறையும் அன்றைக்கு அப்பாவின் விசாவில் தொங்கிக்கொண்டிருந்தது போதும், உன் காலில் நில் என்று நாடு சொல்லிவிடும். அப்பாவோடு வரிசையில் நின்ற இடமும் போகும். வளர்ந்த ஊரிலேயே வெளிநாட்டு மாணவன் விசா வாங்கலாம். பிறகு ஹெச்-1பி குலுக்கலில் பெயர் போடலாம். சீட்டு விழுந்தால் அப்பா நிற்கும் அதே வரிசையின் வாலில் போய் நிற்கலாம். தந்தை மகற்காற்றும் நன்றி எதுவோ, முன்னால் நின்று வழிகாட்டுவது அதில் சேர்த்திதானே. இதில் எதுவும் கைகூடாவிட்டால் கோயம்புத்தூரில் பாட்டி இருக்கிறாள். 2002-இல் இந்தப் பிள்ளைகளைக் காக்கவென்று ஒரு சட்டமும் போட்டார்கள். மனு பரிசீலனையில் கிடந்த நாட்களை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். கூடுதல் கட்டணம் கட்டி இரண்டு மூன்று வாரத்தில் ஐ-140 வாங்கியிருந்தால் கழிவதும் இரண்டு மூன்று வாரம்தான். அதற்குப்பின் வரிசையில் நின்ற ஆண்டுகள் எல்லாம் பிள்ளைக்கு முழு வயதாகவே ஏறும். பணம் கட்டி அவசரப்பட்ட தகப்பனுக்குப் பொறுமையின் மேன்மையை இதைவிட நயமாகப் புகட்ட முடியாது.

பொறுமைக்கு அடுத்தபடி பற்றறுத்தல். அப்பா ஆஸ்பத்திரியில் என்று நள்ளிரவில் போன் வருகிறது. பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரை காலாவதி ஆகியிருந்தால், போகலாம், திரும்பி வருவது சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கும் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதைப் பொறுத்தது. கிடைத்தாலும் 221(ஜி) என்று ஒரு தாளைக் கொடுத்து, இன்னும் விசாரிக்கிறோம், இரு என்று சொல்லலாம். எத்தனையோ பேர் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பதை வாட்ஸப் வீடியோவில் பார்த்துவிட்டு, ஒன்பது மணி மீட்டிங்குக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். நம் துறவிகள் காட்டுக்குப் போய் அடைந்த நிலையை நியூ ஜெர்சி அபார்ட்மென்ட்டிலேயே அடையச் செய்கிறார்கள்.

சிக்கனத்திலும் குறை சொல்ல முடியாது. கொரோனா காரணமாகக் குடும்ப வழி அட்டைகள் மீந்து, 2021 நிதியாண்டில் வேலை வழிக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல் சேர்ந்தன. செப்டம்பர் 30-க்குள் கொடுத்து முடிக்க வேண்டும். 60,000-க்கும் அதிகமான அட்டைகள் யாருக்கும் போய்ச் சேராமலே காலாவதி ஆயின. வாசலில் லட்சம் பேர் நிற்கும்போது பண்டாரத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுவது எல்லோராலும் ஆகக்கூடியதல்ல.

வள்ளல் தாமதித்தால் இரப்பவன் நினைவூட்டலாம். பரிசில் கடாநிலை என்று புறத்தில் அதற்கு ஒரு துறையே உண்டு. 2007-இல் நம்மவர்கள் அதையும் செய்து பார்த்தார்கள். அந்த ஜூலை புல்லட்டினில், வேலைவழிப் பிரிவுகளில் ஏறக்குறைய அனைத்தும் திறந்தாயிற்று, எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். விழுந்தடித்து மருத்துவப் பரிசோதனை செய்து, தாள்களைச் சேர்த்து அனுப்பினால், ஜூலை 2-ஆம் தேதி, தீர்ந்துவிட்டது என்றார்கள். 'லகே ரஹோ முன்னாபாய்' படம் வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். கோஷம் போடாமல், அந்தப் படத்தின் காந்திகிரி வழியில், குடியேற்றத் துறை இயக்குநர் எமிலியோ கொன்சாலஸுக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்து அனுப்பினார்கள். அவர் அவற்றை வால்டர் ரீட், பெதஸ்டா ராணுவ மருத்துவமனைகளில் காயம்பட்டுக் கிடந்த வீரர்களுக்கு அனுப்பிவைத்தார். ஜூலை 17-இல் விண்ணப்பங்களை ஏற்கிறோம் என்று இறங்கி வந்தார்கள். விண்ணப்பத்தைத்தான் ஏற்றார்கள், அதன்பின் அட்டைக்காகப் பல ஆண்டு காத்தவர்கள் உண்டு.

நாட்டு வரம்பையே எடுத்துவிடலாம் என்ற நல்லவர்களும் அங்கே இருக்கிறார்கள். 2019 ஜூலையில் கீழவை 365-க்கு 65 என்று அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. 2020 டிசம்பரில் மேலவை ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேற்றியது. ஆனால் இரண்டும் வேறு வேறு வடிவம். ஒட்டவைப்பதற்குள் அவையின் காலம் முடிந்துவிட்டது. எல்லோரும் ஆதரித்து எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் இந்தக் கலையில், நம்முடைய சட்டமன்றங்கள் கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது.

அவசரக்காரர்களையும் வள்ளல் கைவிடவில்லை. 2025 செப்டம்பரில் கோல்டு கார்டு என்ற புதிய ஏற்பாட்டுக்கு அதிபர் கையெழுத்திட்டார். பத்து லட்சம் டாலரை வணிகத் துறைக்குக் கொடையாகச் செலுத்த வேண்டும். கொடை என்றே உத்தரவில் இருக்கிறது. கம்பெனி ஒருவருக்காகச் செலுத்துவதானால் இருபது லட்சம். இதற்குப் புதிதாக அட்டைகள் எதுவும் உண்டாக்கவில்லை, முதல் இரண்டு பிரிவுகளின் கணக்கிலிருந்தே கொடுப்பார்கள். தூத்துக்குடிக்காரர் நிற்கும் பிரிவும் அதில் ஒன்று. விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு 15,000 டாலர் தனி. அது திரும்பக் கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.