பாட்டுக்கு அப்ரூவல்

இரவு பதினொன்றே முக்காலுக்குப் போன் சிணுங்கினால் திருப்பூரில் அதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, கன்டெய்னர் தூத்துக்குடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால் பாட்டண்ணன் பாட்டு அனுப்பியிருக்கிறார். கன்டெய்னர் என்று தெரிந்தால் எனக்கு நிம்மதி. அதற்கு யார் காலிலாவது விழுந்து ஒரு வழி பண்ணிவிடலாம்.

பாட்டண்ணன் உங்கள் கம்பெனியிலும் ஒருவர் இருப்பார். வேலை, மெர்ச்சண்டைசர்; ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கிற ஆள். நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. நீலக்கலர் ஸ்கூட்டரில் ராயபுரம் பக்கமிருந்து வந்து, டீக்குக் காசு கொடுக்கிற நேரத்தில் மட்டும் பையரிடமிருந்து போன் வந்துவிடுகிற யாராவது ‘இது நான்தான்’ என்று நினைத்துக்கொண்டால் அது அவர் பாடு.

டீ விஷயம் போகட்டும். வருஷம் முழுக்க அவரோடு குப்பை கொட்டிவிடலாம். டிஎன்பிஎல் கிரிக்கெட் பிளே-ஆப் நடக்கிற அந்த ஒரு வாரம்தான் முடியாது.

2025 ஜூலை அப்படித்தான் வந்தது. 2016-இல் போட்டி தொடங்கியதிலிருந்து கப்பு நம் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. காரைக்குடிக் காளையாக இருந்த அணி திருப்பூர் தமிழன்ஸ் என்று பேர் மாறி வந்தும் சில வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் பக்கத்திலிருக்கும் கோயமுத்தூர், 2022-இல் சேப்பாக்கம் அணியோடு பங்கு போட்டு ஒரு கப்பு, 2023-இல் தனியாக ஒரு கப்பு என்று வாங்கி அடுக்கிவிட்டு, தங்கள் ஏர்போர்ட்டைப் பற்றிப் பேசுகிற அதே தோரணையில் அதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தது. இந்த நிலைமையில் முதல் குவாலிஃபையரில், லீக் சுற்றில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத சேப்பாக்கத்தை நம் பசங்கள் சாய்த்துவிட்டார்கள். ஃபைனல் ஜூலை 6, நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில். ஞாயிற்றுக்கிழமை வேறு. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஃபைனல். திருப்பூர்க்காரனே உட்கார்ந்து தேதி குறித்திருந்தாலும் இப்படி அமைந்திருக்காது.

எல்லாரும் வேனுக்கும் லீவுக்கும் அலைந்தார்கள். பாட்டண்ணன் பாட்டுக்கு அலைந்தார்.

“ஏனுங், வேன்லயும் ஸ்டேண்டுலயும் நாம கத்தறதுக்குன்னு ஒரு பாட்டு வேண்டாமுங்களா? வெறுங்கையோட எப்புடீங் ஃபைனலுக்குப் போறது?”

நியாயமான கேள்விதான். பிறகு நடந்ததுதான் நியாயமில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார். முதலில் அதன் பெயர் ‘பிளே-ஆப் சாங்’. பிறகு ‘பிளே-ஆப் சாங் ஃபைனல்’. அப்புறம் ‘ஃபைனல் ரிவைஸ்டு’. கடைசியாக நான் பார்த்தபோது ‘ஃபைனல் ரிவைஸ்டு நியூ’. இந்த ஊரில் ஒரு ஆர்டரையாவது கையால் தொட்டவர்களுக்கு இந்தப் பெயர்களைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம். துணிக்குச் சாயம் போடுவதற்கு முன்னால், சின்னத் துண்டுத் துணியில் அந்தக் கலரைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து இரண்டு மூன்று விதமாகப் போட்டு, ஏ, பி, சி என்று அட்டையில் ஒட்டி பையருக்கு அனுப்புவார்கள். லேப் டிப் என்று பேர். பையர் அதை ஒரு பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார். ‘பி பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் சிவப்பு வேண்டும்’ என்று எழுதுவார். மறுபடியும் ஏ, பி, சி. 2011-இல் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடிக்கிடந்தபோதுகூட, வெளியூரில் சாயம் போட்டு லேப் டிப் அனுப்பியவர் நம் அண்ணன். அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு சினிமாப் பாட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்?

மூன்றாக வரும். ஏ, ஒரிஜினல். பி, ரீமிக்ஸ். சி, அதே பாட்டோடு கடைசியில் ஜமாப் அடி சேர்த்தது. கீழே ‘கமென்ட்ஸ் ப்ளீஸ்’. நான் தூக்கக் கலக்கத்தில் ‘பி’ என்று போட்டேன். அயர்ன் மாஸ்டரும் ‘பி’ என்றார். கட்டிங் மாஸ்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அதோடு முடிந்ததா? 

“பி ஓகேங். ஆனா ஏ-வோட டெப்த்தும் சி-யோட பளிச்சும் பி-யில வரோணும். ரீ-சப்மிட் பண்றேனுங்.”

யாரிடம் ரீ-சப்மிட் பண்ணப் போகிறார்? சாயம் போடுகிறவரும் அவர், பையரும் அவர்.

அடுத்தது வெளிச்சப் பரிசோதனை. பாட்டை ஸ்கூட்டரில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேட்டார். முதலாளி காரில், டிரைவரை வெளியே நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார். செக்கிங் டேபிளுக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கரில் போட்டார். “வூட்டு டிவியில நல்லாருக்குதுங். ஃப்ளோர்ல கலர் மாறுது” என்று ரிப்போர்ட் வந்தது. அது தள்ளுபடி.

அடுத்த பாட்டு. “வெயிட்டே இல்லீங். 180 ஜிஎஸ்எம் கேட்டா 140 குடுத்திருக்கறாங்க.” தள்ளுபடி. அதற்கடுத்ததை விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். “மூணு வாஷ் குடுத்தேனுங். சரணம் சுருங்கிப்போச்சு.” அதுவும் தள்ளுபடி. இன்னொன்றுக்கு சைஸ் செட் பார்த்தார். தன் மகனுக்கும் மாமனாருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். “ஸ்மால்ல நல்லா உக்காருது. டபுள் எக்ஸெல்ல நெஞ்சுல புடிக்குதுங்.”

ரஜினி பாட்டு வேண்டாம், எல்லா ஊர்க்காரனும் போடுவான். விஜய் பாட்டு வேண்டாம், கட்சி வேன் என்று நினைத்துத் தாராபுரத்தில் நிறுத்திவிடுவார்கள். எம்ஜிஆர் பாட்டு? அதுவும் கட்சிதானுங்களே. நம் மண் பாட்டாகவே ஒன்று போடலாம் என்றால், கோயமுத்தூர்க்காரனும் அதே மண்தானே, அவனும் போடுவான். விசில் என்ற சொல் வருகிற எந்தப் பாட்டும் சென்னைச் சரக்கு, பேச்சே கிடையாது. இந்தக் கணக்கில் போனால் மிஞ்சுவது தேசிய கீதம் ஒன்றுதான். அதை வேனில் போட்டால் எழுந்து நிற்க வேண்டும்.

அண்ணனுக்கு விஷயம் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர் பார்ப்பது அமெரிக்கா ஆர்டர். டி-ஷர்ட் பிரிண்டுக்கு வரும் ஆர்ட் ஒர்க்கைப் பார்த்துப் பார்த்தே அந்த ஊர் பேஸ்பாலைக் கரைத்துக் குடித்துவிட்டார். அங்கே பிளே-ஆப் வந்தால் அணிக்கு ஒரு பாட்டு தானாக முளைத்துவிடுமாம். 1979-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் வில்லி ஸ்டார்ஜெல் என்ற மூத்த ஆட்டக்காரர், அப்போது ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த ‘வீ ஆர் ஃபேமிலி’ என்ற டிஸ்கோ பாட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த வருஷக் கப்பு அவர்களுக்கு. 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் ஹெரார்டோ பார்ராவுக்கு மட்டையில் பந்து படவே இல்லை. தன் குட்டி மகளுக்குப் பிடித்த ‘பேபி ஷார்க்’ பாட்டைப் போட்டுக்கொண்டு ஆட வந்தார். நம் வீட்டில் குழந்தைக்குச் சோறூட்டும்போது போடுகிறோமே, அதே பாட்டுதான். மைதானமே இரண்டு கையையும் சுறா வாய் மாதிரி பிளந்து மூடிற்று. அந்த அணிக்கு முதல் வேர்ல்டு சீரிஸ் அந்த வருஷம்தான் கிடைத்தது. 2022-இல் பிலடெல்பியா பிலீஸ் பிடித்துக்கொண்ட பாட்டு, நேசித்த ஆள் வேறொருவரோடு இருப்பதைப் பார்த்துத் தனியாக ஆடுகிறவரின் சோகப் பாட்டு. ஒப்பாரி வைத்தே ஃபைனல் வரை போய், ஹூஸ்டனிடம் தோற்றார்கள்.

“இதெல்லாம் ரெஃபரன்ஸ் சாம்பிளுங்” என்றார் அண்ணன்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? விசில் போடு பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 ஐபிஎல் சீசனுக்காக அரவிந்த் - சங்கர் போட்டு, இணையத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த பாட்டு. ஜனங்கள் பிடித்துக்கொண்ட பிறகுதான் சென்னை அணி அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது. இத்தனையும் விரல் நுனியில் வைத்திருக்கிற மனுஷனுக்கு, இதில் ஒரு பாட்டுக்குக்கூட யாரும் லேப் டிப் போடவில்லை என்பது மட்டும் உறைக்கவில்லை. பார்ராவின் மகளுக்கு யாராவது ஏ, பி, சி அனுப்பி கமென்ட்ஸ் கேட்டார்களா?

அவருடைய பாட்டுப் பைத்தியம் பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மீசை அரும்பாத வயசில் கைமடியாக, அதாவது டெய்லருக்குக் கையாளாக வந்தவர். ஓவர்லாக் மிஷின் பக்கத்தில் நின்று பீஸ் அடுக்கிக்கொண்டே, கம்பெனி ஸ்பீக்கரில் ஓடுகிற பாட்டைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். பனியன் கம்பெனியில் பாட்டு நின்றால் கையும் தளர்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. எந்த ஆர்டர் ஓடும்போது எந்தப் படப் பாட்டு ஓடியது என்று இன்றைக்கும் சொல்வார். முதல் போனஸ் வாங்கிய அன்று போட்ட பாட்டைக் கேட்டால் இப்போதும் குரல் கம்மிவிடும். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் டீக்காசைக்கூட நாமே கொடுத்துவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் குரூப்பில் செக்கிங் அக்கா ஒரு பாட்டு போட்டார். ‘நோட்டட்’ என்று பதில். பிளாட்லாக் அடிக்கிற ஒடிசாப் பையன், ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனி டீமுக்கு முதல் ஓவர் போடுகிறவன், அவன் ஊர்ப் பாட்டு ஒன்றை அனுப்பினான். சத்தியமாக நான் கேட்டதிலேயே ஆட வைக்கிற பாட்டு அதுதான். அதற்கு ‘நோட்டட்’கூட இல்லை. எல்லாரிடமும் கருத்துக் கேட்பார், யார் கருத்தையும் எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டால் வேலை முடிந்துவிடுமே!

நான் புரொடக்‌ஷன்காரன். எனக்கு எரிச்சல் பாட்டால் மட்டும் வந்ததில்லை. பாட்டுக்கு அப்ரூவல் தள்ளிப்போனால் யார் குடியும் முழுகாது. துணிக்குத் தள்ளிப்போனால் முழுகும். அண்ணன் மேஜையில் கலர் அட்டை ‘இன்னும் ஒரு தடவை பாக்கலாமுங்’ என்று கிடக்கும்போது சாயம் போட முடியாது, கட்டிங் போட முடியாது. லைனில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். தைக்காத பீஸுக்குக் காசு கிடையாது. சனிக்கிழமை கவர் மெலிந்து போகும். மளிகைக்கடை பாக்கி, வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எதுவும் அட்டைக்காகக் காத்திருக்காது. பிறகு ஒருநாள் துணி வந்து இறங்கும். ஷிப்மென்ட் தேதி மட்டும் நகர்ந்திருக்காது. காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தவர்கள் நடுராத்திரி தாண்டி எழுந்திருப்பார்கள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் கேட்டால் ‘மெயில் போட்டாச்சுங்’ என்று பதில் தயாராக இருக்கும். மெயில் போட்டவருக்கு மாதச் சம்பளம். பையர் இழுத்தடிக்கிறார் என்பது உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. பையர் இழுத்தது ஒரு வாரம் என்றால் அதை இரண்டு வாரமாக நீட்டுகிறவர்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், இன்கிரிமென்டும் வாங்குகிறார்கள்.

சரி, ஃபைனலுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்புகிற வரைக்கும் பாட்டு முடிவாகவில்லை. அண்ணன் மடியில் லேப்டாப்போடு முன் சீட்டில் உட்கார்ந்து, ‘பி-யும் சி-யும் மிக்ஸ் பண்ணி ஒண்ணு’ செய்துகொண்டிருந்தார். தாராபுரம் ரோட்டில்கூட இன்னும் ஏறவில்லை, டிரைவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் தன் பென் டிரைவைச் சொருகினார். தேவா பாட்டு. பின் சீட்டிலிருந்து முன் சீட்டு வரை அத்தனை பேரும் பாடினோம். ஒடிசாப் பையனுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது, அவன்தான் எல்லாரையும்விட உரக்கப் பாடினான். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் தாண்டி நத்தம் வரைக்கும் அதே பென் டிரைவ்தான். 

அஷ்வின் தலைமையில் முந்தின வருஷக் கப்பை வைத்திருந்த திண்டுக்கல் அணிக்கு எதிராக நம் ஆட்கள் 5 விக்கெட்டுக்கு 220 அடித்தார்கள். துஷார் ரஹேஜாவும் அமித் சாத்விக்கும் தொடக்கத்திலேயே வெளுத்த வெளுப்பில் ஸ்டேண்டில் யாருக்கும் பாட்டு ஞாபகமே வரவில்லை, தொண்டையில் வந்ததைக் கத்தினோம். திண்டுக்கல் 102-க்குச் சுருண்டது. 118 ரன் வித்தியாசம். கேப்டன் சாய் கிஷோர் கையில் திருப்பூரின் முதல் கப்பு.

திரும்பி வரும்போது நடுராத்திரி, வேனில் எல்லாரும் குரல் போய்ச் சரிந்து கிடந்தோம். அண்ணன் மட்டும் விழித்திருந்தார்.

“சி வெர்ஷன் மட்டும் போட்டிருந்தா 150 ரன்ல ஜெயிச்சிருப்போமுங்.”

அடுத்த சீசனுக்கு அவர் இப்போதே புதுக் குரூப் தொடங்கிவிட்டார். ஆள் சேர்க்கிறார். உங்களிடம் வந்து நம்பர் கேட்டால், போன் ரிப்பேர் என்று சொல்லிவிடுங்கள்.